இறங்கியவரும் வரவில்லை... காப்பாற்றப் போனவரும் வரவில்லை! தோல் தொழிற்சாலைத் தொட்டிகளில் நடப்பது என்ன?

செய்தித்தாளில் நான்கு வரிகளில் முடிந்துபோகும் செய்தி அது. கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்கினார். சத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க இன்னொருவர் இறங்கினார். அவரும் மேலே வரவில்லை. இரண்டு பேரையும் தூக்கிவர மூன்றாமவர் இறங்கினார். கடைசியில் தீயணைப்புத் துறையினர் வந்து மூன்று உடல்களை மீட்டனர். ஊரின் பெயரும் இறந்தவர்களின் பெயர்களும்தான் மாறுகின்றன. நடக்கும் வரிசை மாறுவதே இல்லை.

2014 மார்ச் மாதம், ஈரோடு மாவட்டம் பெருந்துறை சிப்காட்டில் ஒரு சாயத் தொழிற்சாலையின் கழிவுநீர்த் தொட்டியில் விஷவாயு தாக்கி 7 தொழிலாளர்கள் இறந்தார்கள். 2019 மார்ச்சில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செப்டிக் டேங்க்கில் 6 பேர் பலியானார்கள். அவர்களில் 3 பேர் ஒரே குடும்பத்தினர். 2025 பிப்ரவரியில், கொல்கத்தாவின் பந்தலா தோல் தொழிற்பேட்டையில் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்யப் போன 3 பேர் உயிரிழந்தார்கள்.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் தொழில் பகுதிக்கும் இந்தச் செய்தி புதிதல்ல. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு தொட்டிகளில் இங்கேயும் உயிர்கள் போயிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் ‘எதிர்பாராத விபத்து’ என்ற சொல்லும் கூடவே வரும். ஆனால், அந்தத் தொட்டிக்குள் என்ன வாயு இருக்கும், அது எப்போது வெளியே வரும், எவ்வளவு இருந்தால் எத்தனை நிமிடத்தில் ஆளைக் கொல்லும் என்பதெல்லாம் பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். எதிர்பார்க்க முடியாதது என்று இதில் எதுவுமே இல்லை.

ஆறு தப்பித்தது... ஆபத்து எங்கே போனது?

தோல் பதனிடும் தொழிலுக்குத் தண்ணீர்தான் உயிர். ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட்டு முடிக்க 30 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் செலவாகும். பாலாற்றங்கரையில் இந்தத் தொழில் வேர்விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். ஆவாரம்பட்டை போட்டுத் தோலை ஊறவைத்த காலம் போய், குரோமியம் உப்பு போட்டு டிரம்மில் சுழற்றும் காலம் வந்ததும் வேகம் கூடியது. ஆற்றில் கலந்த கழிவும் கூடியது.

அதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி வந்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்திலேயே ஒரு மைல்கல். ‘மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்’ என்ற கோட்பாட்டை அந்தத் தீர்ப்பு அழுத்தமாக நிலைநாட்டியது. கழிவைச் சுத்திகரிக்காமல் தொழிற்சாலை நடத்த முடியாது என்ற நிலை வந்தது. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் 1990-களை ஒட்டி உருவான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள்தான் இன்றும் இந்தத் தொழிலைத் தாங்கி நிற்கின்றன. பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30-ம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் ஒரு விரிவான தீர்ப்பு வழங்கியது. அந்த அளவுக்கு இன்னும் முடியாத கதை அது.

ஆற்றில் விடாமல் நிறுத்திய கழிவு காற்றில் கரைந்துவிடாது. அது தொட்டிக்கு வருகிறது. தண்ணீர் மேலே தெளிய, கசடு அடியில் தங்குகிறது. ‘ஸ்லட்ஜ்’ என்று இங்கே எல்லோரும் சொல்லும் அந்தச் சேறு நாளாக நாளாகக் கெட்டியாகிறது. குழாய் அடைத்துக்கொள்கிறது, பம்ப் இழுக்க மறுக்கிறது. அப்போது தேவைப்படுவது ஓர் ஆள். தொழிற்சாலைக்குள் இருக்கும் சேகரிப்புத் தொட்டி, கழிவு போகும் வாய்க்கால், மேன்ஹோல், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி என்று எல்லா இடத்திலும் இதே நிலைதான்.

ஆற்றையும் வயலையும் குடிநீரையும் பற்றி வழக்குகள் நடந்தன, பேச்சும் நடந்தது. அந்தத் தொட்டியைக் கழுவ இறங்குபவரைப் பற்றிய பேச்சு மட்டும் அவர் இறந்த மறுநாள் தொடங்கி ஒரு வாரத்தில் முடிந்துவிடுகிறது.

கசடு எவ்வளவு பயங்கரமானது என்பதை ராணிப்பேட்டை கண்கூடாகப் பார்த்தது. 2015 ஜனவரி 31-ம் தேதி, நள்ளிரவு தாண்டிய நேரம். ராணிப்பேட்டை சிட்கோ பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலைக்குள் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மீது கழிவு வெள்ளமாகப் பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். வேலை செய்யும் இடத்திலேயே படுக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள். அது சுத்தம் செய்யும்போது நடந்த விபத்தல்ல. ஆனால், கழிவின் பக்கத்தில் உழைத்து, உண்டு, உறங்குபவர்கள் யார் என்பதை அந்த ஒரு இரவு காட்டிவிட்டது.

அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிட்டதா? ஓடுங்கள்!

தொட்டிக்குள் இருக்கும் முதல் எதிரியின் பெயர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு. தோல் தொழிலில் இது இரண்டு வழிகளில் உருவாகிறது.

முதல் வழி, ரசாயனக் கலப்பு. தோலிலிருந்து முடியை நீக்க, சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு சேர்த்து ஊறவைப்பார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் ஒன்றான ‘பிக்கிள்’ செய்வதற்குக் கந்தக அமிலம் சேர்ப்பார்கள். சல்ஃபைடு உள்ள சுண்ணாம்புத் தண்ணீரும் அமிலத் தண்ணீரும் ஒரே தொட்டியில், ஒரே வாய்க்காலில் சந்தித்தால் அந்த நொடியே வாயு கிளம்பும். 1978 பிப்ரவரி 14-ம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் ஒரு தோல் தொழிற்சாலையில் நடந்தது இதுதான். லாரியில் வந்த சல்ஃபைடு ரசாயனம், அமிலத்தன்மையுள்ள கரைசல் இருந்த தொட்டியில் தவறுதலாக இறக்கப்பட்டது. 8 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்கள் யாரும் தொட்டிக்குள் இறங்கியவர்கள்கூட அல்ல.

இரண்டாவது வழி, பாக்டீரியா. காற்று புகாத கசடுக்குள் வாழும் சில நுண்ணுயிரிகள், அங்கே இருக்கும் சல்ஃபேட் உப்பைச் சல்ஃபைடாக மாற்றுகின்றன. வெயில் ஏற ஏற இந்த வேலை வேகமாக நடக்கும். வேலூர் வெயிலுக்குச் சொல்லவே வேண்டாம். இப்படி உருவாகும் வாயு முழுவதும் வெளியே வந்துவிடாது. கசடுக்குள்ளேயே சிக்கிக்கிடக்கும். மேலே ஏடு படிந்து, தொட்டி சாதுவாகத் தெரியும். உள்ளே இறங்கியவர் முதல் மண்வெட்டியை ஊன்றியதும், சோடா பாட்டிலைக் குலுக்கித் திறந்ததுபோல் வாயு மொத்தமாகப் பொங்கும். ‘மேலே இருந்து பார்த்தபோது நாற்றமே இல்லையே’ என்று பலரும் ஏமாறுவது இங்கேதான்.

இந்த வாயு காற்றைவிடக் கனமானது. அதனால் பள்ளத்தில், தொட்டியின் அடியில் தங்கும். மூடியைத் திறந்து போட்டால் தானாகப் போய்விடும் என்று நம்ப முடியாது.

இதன் மோசமான தந்திரம் ஒன்று உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாத நிலையிலேயே மூக்கு இதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால், 100 பங்கைத் தொடும்போது சில நிமிடங்களில் மூக்கின் உணர்வு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிடும். ‘வாயு போய்விட்டது’ என்று தோன்றும் அந்த நேரத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். அளவு 500-ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் ஆள் சரிந்துவிடுவார். 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு போய்விடும். உடம்பின் செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவே முடியாதபடி இந்த வாயு தடுத்துவிடுகிறது. கத்தவோ, ஏணியைப் பிடிக்கவோ நேரம் இருக்காது. அதனால்தான் ‘சத்தமே இல்லை’ என்று எல்லா செய்தியிலும் வருகிறது.

இதோடு மீத்தேன் சேர்ந்திருக்கலாம், அது தீப்பிடிக்கும். ஆக்சிஜனும் குறைந்திருக்கலாம். நாம் சுவாசிக்கும் காற்றில் சுமார் 21 சதவிகிதம் ஆக்சிஜன் உண்டு. அது 19.5 சதவிகிதத்துக்குக் கீழே போனாலே அந்த இடம் பாதுகாப்பற்றது என்பது உலகம் முழுவதும் பின்பற்றப்படும் அளவு.

இரண்டாவது ஆள் ஏன் இறங்குகிறார்?

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான ‘நயோஷ்’ 1986-ல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தொட்டி, குழி, சாக்கடை போன்ற அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர், காப்பாற்றுவதற்காக உள்ளே போனவர்கள் என்று அது சொன்னது. வேலைக்கு இறங்கியவர்களைவிட, அவர்களுக்காக இறங்கியவர்களே அதிகம்.

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஒரே ஊரிலிருந்து, பல நேரம் ஒரே வீட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அண்ணன், தம்பி, மாமன், மச்சான் உறவு. பத்தடி கீழே தம்பி மயங்கிக் கிடக்கும்போது, மேலே நிற்கும் அண்ணனிடம் ‘இறங்காதே’ என்று சொல்வது கொடுமையாகத் தோன்றும். ஆனால், மூச்சுக்கருவி இல்லாமல் இறங்கும் அண்ணனுக்குத் தம்பியைத் தொடக்கூட நேரம் கிடைக்காது. முதல் ஆளைச் சாய்த்த அதே காற்றுதான் அவரையும் சாய்க்கப்போகிறது.

ஆனால், முதல் ஆள் இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டியிருந்தால்? கயிற்றின் மறுமுனை மேலே நிற்பவர் கையில் இருந்தால்? யாரும் இறங்க வேண்டாம். இழுத்தால் போதும். அண்ணனின் பாசத்துக்கு அப்போது ஒரு வேலை இருக்கும். தம்பி உயிரோடு மேலே வரவும் வாய்ப்பு இருக்கும்.

வேலூரில் நூறாண்டைக் கடந்த சி.எம்.சி போன்ற பெரிய மருத்துவமனை இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஆம்புலன்ஸ் விரைவாகவும் வந்துவிடும். ஆனாலும் மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை சேதமடையத் தொடங்கிவிடுகிறது. இந்த விபத்தில் உயிரைக் காப்பாற்றும் நேரம் முழுவதும் தொட்டியின் வாயருகிலேயே செலவாகிவிடுகிறது. மருத்துவமனை வாசலுக்கு வரும்போது பெரும்பாலும் எதுவும் மிச்சமிருப்பதில்லை.

சட்டம் சொன்ன கயிறு

இந்தக் கயிறு யாரோ ஒரு நிபுணரின் புதிய யோசனை அல்ல. நாடு சுதந்திரம் அடைந்த அடுத்த ஆண்டே எழுதப்பட்டது. 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 36-வது பிரிவு. ஆபத்தான வாயு இருக்கக்கூடிய தொட்டி, குழி, குழாய் போன்ற எந்த அடைபட்ட இடத்துக்குள்ளும், வெளியேறப் போதுமான வழி இல்லாமல் ஒருவரை அனுப்பக் கூடாது என்றது அது. வாயுவை வெளியேற்ற முடிந்த எல்லா நடவடிக்கையும் எடுத்திருக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் சோதித்துப் பார்த்து, ‘உள்ளே போகலாம்’ என்று எழுத்தில் சான்று தர வேண்டும். அல்லது இறங்குபவர் மூச்சுக்கருவி அணிந்து, பெல்ட்டில் கயிறு கட்டி, அந்தக் கயிற்றின் முனையை வெளியே நிற்பவர் பிடித்திருக்க வேண்டும். இத்தகைய இடங்களுக்குள் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கையடக்க மின்விளக்கைக் கொண்டுபோகக் கூடாது என்பதுவரை அந்தச் சட்டம் யோசித்திருந்தது.

மனிதக் கழிவு சேரும் செப்டிக் டேங்க், பாதாளச் சாக்கடை ஆகியவற்றுக்குத் தனிச்சட்டம் இருக்கிறது. 2013-ல் இயற்றப்பட்ட கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடை செய்யும் சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஆளை இறக்குவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறை பிடிபட்டாலே 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபர் 20-ம் தேதி அதை 30 லட்சமாக உயர்த்தியது.

தோல் தொழிற்சாலையின் ரசாயனக் கழிவுத் தொட்டி பெரும்பாலும் இந்த இரண்டாவது சட்டத்துக்குள் வராது. அது தொழிற்சாலைப் பாதுகாப்பு விதிகளின் கீழ்தான் வரும். ஆனால் இறங்குபவருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இன்று வீட்டு செப்டிக் டேங்க், நாளை மேன்ஹோல், மறுநாள் டேனரித் தொட்டி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவர் அவர்.

பொறுப்பு எங்கே நழுவுகிறது?

சட்டம் இத்தனை தெளிவாக இருந்தும் ஆள் ஏன் சாகிறார்? பெரும்பாலும் இந்த வேலை தொழிற்சாலையின் நிரந்தர ஊழியருக்குத் தரப்படுவதில்லை. நிர்வாகம் ஒரு கான்ட்ராக்டரிடம் சொல்லும். அவர் ஒரு மேஸ்திரியிடம் சொல்வார். மேஸ்திரி அன்றைக்குக் கிடைத்த நான்கு பேரைக் கூட்டிவருவார். வேலை மொத்தமாகப் பேசப்படும்: ‘தொட்டிக்கு இவ்வளவு’. நேரத்தைக் குறைத்தால்தான் கூலி கட்டுபடியாகும்.

இந்தச் சங்கிலியில் வாயு அளக்கும் கருவி யாருடைய பொறுப்பு? நிர்வாகம் கான்ட்ராக்டரைக் காட்டும், கான்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டுவார். கடைசியில், அந்தத் தொட்டியில் முந்தின நாள் என்ன ஊற்றினார்கள் என்பதே தெரியாத ஒருவர் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்குவார். உற்பத்தி நிற்கும் விடுமுறை நாளில்தான் பெரும்பாலும் சுத்தம் செய்யச் சொல்வார்கள். அன்றைக்குத் தொழிற்சாலையில் விவரம் தெரிந்தவர்கள் குறைவு. உதவிக்கு ஓடிவரும் ஆளும் குறைவு.

யார் இறங்குகிறார்கள் என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. செப்டிக் டேங்க்கிலும் சாக்கடையிலும் இறங்கத் தலைமுறை தலைமுறையாக அனுப்பப்படுபவர்கள் பட்டியலினத்தவர்கள். சுண்ணாம்புக் குழியின் நாற்றத்திலும் ஈரத்திலும் அதிகம் நின்றவர்களும் அவர்களே. இப்போது அவர்களோடு மேற்கு வங்கம், பீகார், ஒடிசா என்று வட மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகை தமிழில் இருந்தால் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ‘மாட்டேன்’ என்று சொன்னால் நாளை வேலை இருக்காது என்ற பயம் எல்லோருக்கும் பொது.

சட்டத்தின் முன்னால் இந்தக் கைமாற்றுதல் செல்லாது. தொழிற்சாலை வளாகத்துக்குள் நடக்கும் வேலையின் பாதுகாப்புக்குத் தொழிற்சாலையை நடத்துபவரே பொறுப்பு. கான்ட்ராக்டரின் ஆள் என்றாலும் இழப்பீட்டை முதன்மை நிர்வாகத்திடம் கேட்கலாம்.

இறங்கும் முன்... இத்தனையும் இருக்கிறதா?

முதல் கேள்வி, ‘ஆள் இறங்கியே ஆக வேண்டுமா?’ என்பதுதான். உறிஞ்சும் லாரி, அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சும் இயந்திரம், கசடு இழுக்கும் பம்ப் ஆகியவற்றால் பெரும்பாலான வேலையை வெளியிலிருந்தே முடிக்க முடியும். கசடு கெட்டியாகும் முன்பே குறித்த இடைவெளியில் வெளியேற்றினால் மண்வெட்டிக்கே வேலை இருக்காது. சல்ஃபைடு தண்ணீரையும் அமிலத் தண்ணீரையும் தனித்தனி வாய்க்காலில் விடுவது, சல்ஃபைடு தண்ணீரில் மாங்கனீசு உப்பு சேர்த்துக் காற்றைச் செலுத்தி அதன் வீரியத்தைக் குறைப்பது, சல்ஃபைடின் அளவைக் குறைக்கும் என்சைம் முறைக்கு மாறுவது என்று வழிகள் தோல் துறையில் தெரிந்தவையே. சென்னையில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்சைம் முறையில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது.

எந்த வழியும் இல்லாமல் ஆள் இறங்கியே ஆக வேண்டும் என்றால், இவை கட்டாயம்:

• தொட்டிக்குள் வரும் எல்லாக் குழாய்களையும் மூடிப் பூட்ட வேண்டும். வேலை நடக்கும்போது இன்னொரு இடத்திலிருந்து யாரும் தண்ணீரைத் திறந்துவிடக் கூடாது.

• ப்ளோயர் வைத்து நல்ல காற்றைத் தொட்டியின் அடிவரை செலுத்த வேண்டும். வேலை முடியும்வரை அது ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிண்டரிலிருந்து வெறும் ஆக்சிஜனைத் திறந்துவிடக் கூடாது, தீ விபத்தாகிவிடும்.

• வாயு அளக்கும் கருவியை மேலே, நடுவே, அடியில் என்று மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும். கசடைக் கிளறியதும் அளவு மாறும் என்பதால், இறங்குபவர் உடம்பிலும் அந்தக் கருவி இருக்க வேண்டும்.

• மெழுகுவத்தி, தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது சோதனையே அல்ல. ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் மெழுகுவத்தி எரியும். மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

• முகத்தில் கட்டும் துணியும் சாதாரண மாஸ்க்கும் இந்த வாயுவைத் தடுக்காது. தனிக் குழாயிலோ சிலிண்டரிலோ நல்ல காற்று வரும் மூச்சுக்கருவிதான் பயன்படும்.

• முழு உடல் பெல்ட், கயிறு, தொட்டியின் வாயில் மூன்று கால் தாங்கி. கயிற்றைப் பிடிப்பவருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது.

• இவை எல்லாவற்றையும் சரிபார்த்து, பொறுப்பானவர் கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு.

உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், இறங்காதீர்கள். கயிறு இருந்தால் இழுங்கள். ப்ளோயரைத் தொட்டிக்குள் திருப்புங்கள். தீயணைப்புத் துறையை 101-லும், ஆம்புலன்ஸை 108-லும் அழைத்து, ‘விஷவாயு’ என்ற சொல்லைச் சொல்லுங்கள், கருவிகளோடு வருவார்கள். மேலே கொண்டுவந்தவரைக் காற்றோட்டமான இடத்தில் படுக்கவைத்து, நனைந்த உடையைக் களையுங்கள். மூச்சும் துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். வாயோடு வாய் வைத்து ஊத வேண்டாம். தப்பித்து எழுந்து உட்கார்ந்தவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

தினமும் தரை கழுவுபவர்களுக்கு...

தொட்டி மட்டுமே ஆபத்து அல்ல. டிரம்மைக் கழுவுபவர், தரையில் சிந்திய சுண்ணாம்பையும் உப்பையும் வழித்து எடுப்பவர், வாய்க்காலைத் தள்ளிவிடுபவர் என்று தினமும் இந்த ரசாயனங்களைத் தொடுபவர்கள் இருக்கிறார்கள். இவர்களில் பெண்களும் உண்டு. சுண்ணாம்பும் சல்ஃபைடும் தோலை அரிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குரோமியம் சேர்மங்கள் கையில் ஆறாத புண்ணையும் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடியவை. முழங்கைவரை ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி ஆகியவை நிர்வாகம் தர வேண்டிய பொருட்கள். கூலியில் பிடித்துக்கொள்ள வேண்டியவை அல்ல. கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் மருத்துவரிடம் போக வேண்டும்.

அலுவலகம், கழிவறை சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங் பணியாளர்களும் இல்லத்தரசிகளும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பளிச்சென்று ஆகட்டும் என்று பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் பொசுக்கிவிடும்.

குடும்பத்தினர் கேட்க வேண்டியவை

வேலைக்குப் போகிறவரிடம் வீட்டில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இ.எஸ்.ஐ நம்பர் கொடுத்தார்களா?’ என்பது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும். பணியில் ஏற்படும் விபத்துக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. விபத்தில் இறந்தால், அவரை நம்பி இருந்தவர்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவிகிதம் மாதாமாதம் வரும்.

இ.எஸ்.ஐ இல்லாதவர்களுக்கு, 1923-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஒரு கணக்கு வைத்திருந்தது. மாதக் கூலியில் பாதியை, வயதுக்கான ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். மாதம் 15,000 ரூபாய் வாங்கிய 30 வயதுக்காரர் இறந்தால் அந்த எண் 207.98, அதாவது, சுமார் 15 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். கூலி எவ்வளவு என்பதற்கு ஆதாரம் இல்லாவிட்டால் இந்தக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும். வருகைப் பதிவு, வங்கியில் கூலி வந்த விவரம், மேஸ்திரியோடு பேசிய வாட்ஸ்அப் செய்தி என்று கிடைத்ததைப் பத்திரப்படுத்துவது நல்லது. இறந்தவுடன் கையில் திணிக்கப்படும் பணத்துக்காக வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக் கூடாது.

பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது தெரிந்தால், தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திலும் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் தரலாம். வீட்டு செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணில் உதவி கேட்கலாம். வீட்டு உரிமையாளரே ஆளைக் கூப்பிட்டு உள்ளே இறக்கினாலும் அது குற்றம்தான். லாரிக்கு ஆகும் செலவை மிச்சம் பிடிக்கப் போய், ஒரு குடும்பத்தின் மரணத்துக்குக் காரணமாகிவிடக் கூடாது.

ஆம்பூரில் தைக்கும் ஷூ, வெளிநாட்டுக் கடைகளின் கண்ணாடி அலமாரி வரை போகிறது. அதை வாங்கும் பெரிய நிறுவனங்கள் ரசாயனத்தின் அளவையும் தண்ணீரின் தரத்தையும் சோதித்துச் சான்று கேட்கின்றன. அதே பட்டியலில், கசடுத் தொட்டிக்கான அனுமதிச் சீட்டையும் வாயு அளந்த பதிவேட்டையும் கேட்டால் போதும், பல தொழிற்சாலைகளில் நிலைமை மாறிவிடும். வாயு அளக்கும் கருவி, ப்ளோயர், தாங்கி, கயிறு எல்லாம் சேர்ந்தாலும் ஒரு டிரம்மின் விலைகூட ஆகாது. தனித்தனியாக வாங்க முடியாத சிறிய டேனரிகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வழியாக ஒரு செட்டைப் பொதுவில் வாங்கி, பயிற்சி பெற்ற ஒரு குழுவையும் வைத்துக்கொள்ளலாம். கழிவைச் சுத்திகரிக்கக் கூட்டாகச் சேர முடிந்தவர்களுக்கு, அந்தத் தொட்டியைக் கழுவுபவரைக் காப்பாற்றவும் கூட்டாகச் சேர முடியும்.